பெட்டியின் முதுகுப் பக்கம்: டிவி, ஸ்பீக்கர், ரெக்கார்டிங் இணைப்புகள்

கடையில் செட்டாப் பாக்ஸின் முகத்தைத்தான் காட்டுவார்கள். பளபளப்பான மூடி, ஒரு பச்சை விளக்கு, எண் ஓடும் சின்னக் கண்ணாடி. நமக்கு வேண்டியதெல்லாம் அதன் முதுகில் இருக்கிறது. பெட்டியைத் திருப்பி வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிட்டு, அதன்பிறகு ஒயரைத் தொடுங்கள். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் டிவி சுவரில் ஏறிய பிறகு அலமாரிக்குள் கையை விட்டுத் தடவித் தடவித் துளை தேடும் வேலை மிஞ்சும்.

முதுகில் இருப்பவை இரண்டே வகை: உள்ளே வருவது, வெளியே போவது. டிஷ்ஷிலிருந்து உள்ளே வருவது பெரும்பாலும் ஒரே முனைதான். வெளியே மரை வெட்டி, நடுவில் ஊசி போகிற அளவுக்குத் துளை வைத்திருப்பார்கள். மற்றவை பெரும்பாலும் வெளியே போகிறவை. பழைய டிவிகளில் ஏவி இன், ஏவி அவுட் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பெட்டியின் அவுட்டை டிவியின் அவுட்டில் செருகிவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் இப்போதே மனதில் வாங்கிக்கொண்டால், ரெக்கார்டிங் பகுதிக்கு வரும்போது குழப்பம் வராது. கட்டணச் சேனல்கள் வானத்திலிருந்து பூட்டப்பட்டுத்தான் வருகின்றன. பெட்டி அந்தப் பூட்டைத் திறக்கிறது. திறந்த படத்தை ஹெச்டிஎம்ஐ வழியாக அனுப்பும்போது மறுபடி ஒரு பூட்டைப் போட்டு அனுப்புகிறது. டிவியிடம் அதன் சாவி இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏவி கேபிளின் மஞ்சள் பின் வழியாகப் போகும் படத்துக்கு அப்படிப்பட்ட பூட்டு கிடையாது. எந்தக் கருவியை எங்கே செருகலாம், எதில் பதிய முடியும், எதில் முடியாது என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்

ரிமோட்டில் அணைத்தால் போதாது. டிவி, பெட்டி, ஹோம் தியேட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டுத்தான் ஒயர்களை இணைக்க வேண்டும். டிஷ் ஒயரைத் திருகும்போது விரலில் சுருசுருவென்று ஏறுகிறதே, அதற்குக் காரணம் இரண்டு பின் பிளக். அதில் எர்த் இல்லை. உள்ளே இருக்கும் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட வைத்த சிறிய கெப்பாசிட்டர்கள் வழியாக, பெட்டியின் உலோகப் பகுதிக்கு மெயின் வோல்டேஜில் ஏறத்தாழப் பாதி வந்து நிற்கும். கரன்ட் மிகக் குறைவு என்பதால் ஆளுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஹெச்டிஎம்ஐ துளைக்குப் பின்னால் இருக்கும் சிப்புக்கு அது போதும். பெட்டியும் டிவியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, அந்தப் போர்ட் மட்டும் செத்துப்போன டிவிகளை எந்த மெக்கானிக்கிடம் கேட்டாலும் காட்டுவார். சுருசுரு என்று இல்லாமல் கையை உதறித் தள்ளும் அளவுக்கு அடித்தால் அது வேறு கோளாறு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிஷ்ஷிலிருந்து வரும் ஒயர்

டிஷ்ஷைத் திருப்பி வைப்பது தனி வேலை. சென்னையில் நின்று பார்த்தால் டிடி ஃப்ரீ டிஷ் வரும் 93.5 டிகிரி கிழக்குச் செயற்கைக்கோள் தென்கிழக்கில் இருக்கிறது; டாடா பிளேயின் 83 டிகிரி ஏறத்தாழ நேர் தெற்கு. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒயரை மட்டும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி, 10.7 முதல் 12.75 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை வாங்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் இறக்கி ஒயரில் விடுகிறது. அதே ஒயரில் பெட்டி மேல்நோக்கி 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. எல்என்பிக்கு அதுதான் சாப்பாடு, அதுதான் கட்டளையும்: 13 என்றால் செங்குத்து அலைகளை எடு, 18 என்றால் கிடைமட்ட அலைகளை எடு.

ஆகவே இந்த ஒயர் நல்லதாக இருக்க வேண்டும். 75 ஓம் ஆர்ஜி-6 என்று தோலில் அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். பழைய கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன மெல்லிய ஒயரில் படம் வந்தாலும் வரும். மேகம் மூடினால் முதலில் போவதும் அதுதான். மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு 30 மீட்டருக்குள் முடிந்தால் கவலை இல்லை. நடுவில் ஒட்டுப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால், முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டு நடுவில் ஜாயின்டர் வையுங்கள்.

எஃப் கனெக்டர் போடுவதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். படம் கட்டம் கட்டமாக உடைகிறது என்ற புகாரில் பாதி இந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கிறது. வெளியே உள்ள கறுப்புத் தோலை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குச் சுற்றி அறுத்து உரியுங்கள். பிளேடை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பி வலையும் சேர்ந்து வெட்டுப்படும், மெதுவாக. வெளியே தெரியும் கம்பி வலையைப் பின்னால் மடித்து தோலின் மேல் படிய விடுங்கள். அடியில் ஒரு வெள்ளித் தாள் ஒட்டியிருக்கும். அது அங்கேயே இருக்கட்டும். வெள்ளை பிளாஸ்டிக்கை ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டி எடுத்தால் நடுக் கம்பி தெரியும். இப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: வலையிலிருந்து ஒரே ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் பெட்டி அனுப்பும் 13 வோல்ட் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும், எல்என்பிக்கு ஒன்றும் போகாது. கனெக்டரைச் செருகினால் வெள்ளை பிளாஸ்டிக் அதன் உள்தரையோடு சமமாக நிற்க வேண்டும். நடுக் கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். அதைவிட நீளமாக விட்டால் பெட்டியின் துளைக்குள் இடிக்கும்.

திருகிப் போடும் கனெக்டர் வீட்டுக்குள் பரவாயில்லை. மாடியில், வெயிலில் கிடக்கும் முனைக்கு கிரிம்ப் செய்ததைப் போடச் சொல்லுங்கள். அதன்மேல் ரப்பர் உறை. ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்பு ஒரு சின்ன வளைவு தொங்கட்டும். மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்குள் வராது.

டிவிக்கு எந்த வழி?

ஹெச்டிஎம்ஐ துளை இருபக்கமும் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். படமும் ஒலியும் ஒரே கேபிளில் போய்விடும். இரண்டு மீட்டர் கேபிள் போதும். தங்க முலாம், இரட்டைக் கவசம் என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதும், பக்கத்தில் தொங்கும் சாதாரண ஹை ஸ்பீடு கேபிளும் இந்த நீளத்தில் ஒரே படத்தைத்தான் தரும். டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுதாக வரும்; வராவிட்டால் மின்னும், அறுபடும், கறுப்பாகும். கேபிள் விலையால் நிறம் கூடாது.

செருகியாயிற்று, படம் வரவில்லை. உடனே டிஷ்காரருக்கு போன் போட வேண்டாம். திரையில் என்ன எழுத்து தெரிகிறது என்று பாருங்கள். 'நோ சிக்னல்' என்ற வாசகம் டிவியின் சொந்த எழுத்தில், நீலத் திரையிலோ கறுப்புத் திரையிலோ மிதந்துகொண்டிருந்தால், டிவிக்குப் பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கும், பெட்டி தூங்கிக்கொண்டிருக்கும், அல்லது டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அமுக்கி ஹெச்டிஎம்ஐ 1-க்குப் பதில் 2-இல் நிற்பீர்கள். வாசகம் பெட்டி கம்பெனியின் சின்னத்தோடும் ஒரு பிழை எண்ணோடும் வந்தால், டிவி இணைப்பு சரியாக இருக்கிறது. கோளாறு டிஷ் பக்கமோ சந்தாவிலோ. கொட்டும் மழையில் வந்த பிழை என்றால் காத்திருங்கள், இந்த அலைவரிசையை மழைத்துளிகள் விழுங்கும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போய் வந்தால், சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அதற்கும் மெக்கானிக் வேண்டாம்.

ஹெச்டிஎம்ஐ இல்லாத டிவிகள் இன்னும் ஏராளம். 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடுதோறும் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி பல ஊர்களில் இன்றும் பாட்டியின் அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த மாதிரி டிவிக்கு மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பின்தான் வழி. மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. டிவியில் ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையை மட்டும் செருகி, பெட்டியின் மெனுவில் ஒலியை மோனோ என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வலது பக்கத்தில் மட்டும் வாசிக்கும் நாயனம் கேட்காமலே போகும்.

பழைய டிவியைவிட நடுக்காலத்து எல்இடி டிவிதான் அதிகம் தொந்தரவு கொடுக்கும். சிலவற்றில் மஞ்சள் பின்னுக்குத் தனித் துளை இருக்காது. பச்சைத் துளையைச் சுற்றிப் பாதி மஞ்சள் வளையம் போட்டிருப்பார்கள். ஒரே துளை இரண்டு வேலை. மஞ்சளை அதில் செருகி, சோர்ஸில் ஏவி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். காம்பொனென்ட் என்று விட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், நாம் எம்ஜிஆர் காலத்துப் படம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

இன்னும் புதியவற்றில் அந்தத் துளையும் போய்விட்டது. ஹெட்போன் பின் அளவில் ஒற்றைத் துளை, அதற்கு ஒரு சிறு கேபிள். ஒரு முனையில் மூன்று கறுப்பு வளையம் போட்ட பின், மறுமுனையில் மூன்று வண்ணத் துளைகள். டிவியோடு வந்த அந்தக் கேபிளைத் தொலைத்துவிடாதீர்கள். கடையில் அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று கிடைக்கும். ஆனால் வளையங்களில் எது படம், எது ஒலி, எது எர்த் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறு கேபிளைப் போட்டு, திரையில் ஒன்றும் வராமல் ஸ்பீக்கரில் 'கொர்ர்' என்று சத்தம் வந்தால், படச் சிக்னல் ஒலிப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. வண்ணத்தை மறந்துவிட்டு, மஞ்சள் பின்னை வெள்ளையிலும் சிவப்பிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள். பாதிக் கேபிள்களில் அதோடு சரியாகிவிடும். எர்த் இடம் மாறியிருந்தால் எந்த மாற்றமும் உதவாது, வேறு கேபிள்தான்.

படம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். பெட்டியின் மெனுவுக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். புது டிவிக்கு 16:9, பழைய டிவிக்கு 4:3. இதைத் தவறாக விட்டால் நடிகர்களெல்லாம் ஒரே இரவில் பருத்துப்போயிருப்பார்கள். ஹெச்டி பெட்டியில் ரெசல்யூஷன் 1080ஐ என்றோ, டிவி ஏற்கும் வேறு உயர்ந்த அளவிலோ இருக்கட்டும். டிவி ஏற்காத அளவைத் தெரியாமல் தட்டி, திரை கறுத்துவிட்டால் பதற வேண்டாம். மஞ்சள் பின்னைத் தற்காலிகமாக இணையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் அந்த வழியில் மெனு தெரியும், பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம்.

ஒலி

டிவி மெலிந்துகொண்டே போவதால் அதன் ஸ்பீக்கரும் மெலிந்துவிட்டது. சவுண்ட்பாரோ ஹோம் தியேட்டரோ இருந்தால் பெட்டியைத் தனியாக அதோடு இணைப்பதைவிட, பெட்டியிலிருந்து டிவிக்கு ஹெச்டிஎம்ஐ, டிவியிலிருந்து ஸ்பீக்கருக்கு இன்னொரு ஹெச்டிஎம்ஐ என்று போவது நல்லது. டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையிலேயே அந்த இரண்டாவது கேபிள் போக வேண்டும். வேறு துளையில் போட்டால் ஒலி திரும்பி வராது. இப்படிச் செய்தால் பென் டிரைவில் பார்க்கும் படத்தின் ஒலியும் அதே ஸ்பீக்கரில் வரும். ஏஆர்சி இல்லாத பழைய ஹோம் தியேட்டருக்கு ஆப்டிகல் கேபிள், அதுவும் இல்லாவிட்டால் சிவப்பு வெள்ளை.

சில ஹெச்டி சேனல்களில் மட்டும் படம் வந்து ஒலி வராமல் இருக்கும். டால்பி வடிவில் போகும் ஒலியை அந்தப் பக்கத்துக் கருவி புரிந்துகொள்ளவில்லை. பெட்டியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று மாற்றிவிடுங்கள். வசனம் முந்தி உதடு பிந்தினால் அதே மெனுவில் ஆடியோ டிலே இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு டிஷ், இரண்டு டிவி

ஹாலிலும் படுக்கையறையிலும் ஒரே சேனல் ஓடினால் போதும் என்றால் எளிது. ஹெச்டிஎம்ஐ ஹால் டிவிக்கு, மஞ்சள் பின்னில் நீளமான கேபிள் உள்ளறைக்கு. பல பெட்டிகளில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அறைக்கு அறை வேறு சேனல் வேண்டுமென்றால் இரண்டாவது பெட்டி தேவை, அதற்கு எல்என்பியிலிருந்தே இரண்டாவது ஒயர் தேவை. கேபிள் டிவிக்குப் போடும் ஸ்பிளிட்டரை வைத்து ஒரே ஒயரைப் பிரிக்கச் சொல்லி மெக்கானிக் வந்தால் தடுத்து நிறுத்துங்கள். ஒரு பெட்டி 13 வோல்ட் கேட்கும், இன்னொன்று 18 கேட்கும்; எல்என்பி யார் சொல்வதைக் கேட்கும்? மாமியார் சீரியலுக்கு மாற்றினால் மருமகளின் படம் போய்விடும். இரட்டை வெளியீடு உள்ள எல்என்பிக்கு மாற்றிவிடுவதுதான் வழி.

பதிவு செய்ய

இதில்தான் பெரும்பாலானவர்கள் பணத்தை விடுகிறார்கள். ஆகவே கருவி வாங்கும் முன்பு ஒரு கேள்வி: பதிவு எதற்கு? ராத்திரி எட்டரை மணி சீரியலைப் பத்து மணிக்குப் பார்ப்பதற்கா, இல்லை மகள் பாட்டுப் போட்டியில் பாடியதைப் பல வருடம் வைத்திருப்பதற்கா? இரண்டுக்கும் வழி வேறு. முதல் காரணத்துக்கு என்றால், பல சேனல்கள் நிகழ்ச்சிகளை யூடியூபிலோ தங்கள் ஆப்பிலோ போட்டுவிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஒயர் இழுப்பது அப்புறம்.

சீரியலுக்கும் கிரிக்கெட்டுக்கும் பெட்டியே பதிவதுதான் சுகம். 2008-இல் டாடா ஸ்கை பிளஸ் வந்தபோது ஹார்ட் டிஸ்க்கைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். பின்னால் வந்த பல பெட்டிகளில் யுஎஸ்பி துளை மட்டும் இருக்கும், டிஸ்க்கை நாம் வாங்கிச் செருக வேண்டும். செருகியவுடன் பெட்டி 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்கும். சரி என்றால் அதில் இருந்ததெல்லாம் அழியும். கல்யாண வீடியோ இருக்கும் டிஸ்க்கை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். யுஎஸ்பி 2.0 துளை தரும் கரன்ட் 500 மில்லிஆம்பியர்தான்; சில டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் கேட்கும். 'டிக் டிக்' என்று சத்தம் போட்டுவிட்டு டிஸ்க் காணாமல் போனால், தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள்.

கட்டணப் பெட்டி டிஸ்க்கில் எழுதுவது பூட்டிய வடிவில்தான். அந்த டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினால் ஒன்றும் திறக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் பெட்டியிலும் திறக்காது. பெட்டி பழுதாகி மாற்றித் தந்தால் பழைய பதிவுகள் போனதுதான். பல சேவைகளில் சந்தா நின்றாலும் அதே கதி. மகள் பாடியதை இதில் மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது.

நேரம் குறித்து வைக்கும்போது முன்னால் ஐந்து நிமிடம், பின்னால் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துக் குறியுங்கள். கிரிக்கெட் என்றால் அரை மணி நேரம். கடைசி ஓவரில் நின்றுபோன பதிவைப் பார்ப்பதைவிட ஸ்கோரைப் பேப்பரில் படிக்கலாம். ஒற்றை டியூனர் பெட்டியில் ஒன்றைப் பதிந்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க முடியாது என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் யோகம். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு மாதச் சந்தா இல்லை. பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டும் இல்லை. கடையில் கிடைக்கும் ஃப்ரீ டு ஏர் பெட்டிகளில் யுஎஸ்பி பதிவு வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கினால், டிடி தமிழில் வருவதை அப்படியே பென் டிரைவில் எழுதிவிடும். அந்தக் கோப்பை லேப்டாப்பில் விஎல்சி போட்டுப் பார்க்கலாம், போனுக்கு மாற்றலாம், வெட்டி எடுக்கலாம். வினாடிக்கு 3 மெகாபிட் ஓடும் சாதாரண சேனல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.3 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி பென் டிரைவில் 20 மணி நேரத்துக்குச் சற்று மேல். நீளமான பதிவு துண்டு துண்டாக உடைந்திருந்தால் பெட்டியில் கோளாறு இல்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் பெட்டியே உடைத்து எழுதுகிறது. இந்தப் பெட்டிகள் பலவற்றில், ஒரு சேனலைப் பதிந்துகொண்டிருக்கும்போது அதே டிரான்ஸ்பாண்டரில், அதாவது அதே அலைவரிசையில் சேர்ந்து வரும் மற்றச் சேனல்களை மட்டும் பார்க்கலாம். பட்டியலில் மற்றவை திடீரென்று மறைந்தால் அதுதான் காரணம்.

"டிவி ரிமோட்டிலேயே ரெக்கார்ட் பட்டன் இருக்கிறதே" என்று பலர் கேட்பார்கள். அந்தப் பட்டன் பெரும்பாலும் டிவிக்குள் இருக்கும் டியூனரில் வருவதைப் பதிவதற்கு. ஹெச்டிஎம்ஐயில் வரும் செட்டாப் பாக்ஸ் படத்தை அது தொடாது. ஹெச்டிஎம்ஐ கேப்சர் கருவி வாங்கி லேப்டாப்பில் பதியலாம் என்று நினைத்தாலும் இதே தடைதான்: பெட்டி போட்ட இரண்டாவது பூட்டின் சாவி அந்தக் கருவியிடம் இல்லை, திரை கறுப்பாகவே இருக்கும்.

மிஞ்சியது மஞ்சள் பின். கட்டணச் சேனலில் வரும் நம் வீட்டுப் பிள்ளையின் நிகழ்ச்சியை நிரந்தரமாக வைத்திருக்க எனக்குத் தெரிந்து வீட்டளவில் நம்பகமான வழி இதுதான். படம் ஹெச்டி ஆக இருக்காது. 720க்கு 576 புள்ளிகள், அந்தக் கால டிவிடி தரம். அது போதும். ஹெச்டிஎம்ஐ எப்போதும்போல் டிவிக்குப் போகட்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக்கில் செருகி லேப்டாப்போடு இணையுங்கள். மென்பொருளில் பால் என்று தேர்ந்தெடுங்கள். என்டிஎஸ்சி என்று விட்டால் படம் உருளும், நிறம் போகும். லேப்டாப் தூங்கிவிடாமல் பவர் அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

டிவிடி ரெக்கார்டரோ வீடியோ டெக்கோ இன்னும் வைத்திருப்பவர்கள் அதே மூன்று பின்னை அதன் ஏவி இன்னில் செருக வேண்டும். அதன் ஏவி அவுட் டிவியின் இன்னுக்குப் போகும். டெக்கின் வழியாகவே படம் டிவிக்கு வருவதால், டெக்குக்குப் படம் வருகிறதா என்று பதியும்போதே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். உலகில் கடைசியாக டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-இல் நிறுத்திவிட்டது. உதிரிப் பாகம் இனி பழைய டெக்கிலிருந்து கழற்றினால்தான் உண்டு. ஆகவே டெக்கில் புதிதாகப் பதிவதைவிட, அலமாரியில் கிடக்கும் கேசட்டுகளை அதே கேப்சர் ஸ்டிக் வழியாக லேப்டாப்புக்கு மாற்றுவதற்கு அதன் மிச்ச ஆயுளைச் செலவிடுங்கள்.

மஞ்சள் பின்னிலும் ஒரு தடங்கல் உண்டு. சில படங்களோடு நகல் தடைக் குறி ஒன்றும் சேர்ந்து வரும். டிவிடி ரெக்கார்டர் அதைக் கண்டால் பதிய மறுத்துவிடும். டெக்கில் பதிந்தால் படம் வெளுத்தும் இருண்டும் மாறி மாறித் துடிக்கும். அதைத் தாண்டுவதற்கு முயல வேண்டாம். பதிந்ததை வீட்டில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இணையத்தில் ஏற்றுவது வம்பு.

இப்படி வெளியே ஒரு கருவியில் பதியும்போது, அது பெட்டி காட்டுவதைத்தான் பதியும். நடுவில் வீட்டில் யாராவது சேனல் மாற்றினால் அதுவும் பதிவாகும். பல பெட்டிகளில் சில மணி நேரம் ரிமோட் தொடாவிட்டால் தானாக அணைந்துபோகும் அமைப்பு உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள். அறிவிப்புப் பட்டைகள் திரையில் வராமல் இருக்க மெனுவில் வழியிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். முக்கியமான நிகழ்ச்சி என்றால் முந்தின நாளே ஐந்து நிமிடம் பதிந்து, திருப்பி ஓட்டி, படம், ஒலி இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளைப் பின் முழுதாக இறங்காமல் ஊமைப் படமாகப் பதிவாவது அடிக்கடி நடக்கிறது.

வைக்கும் இடமும் இடி மழையும்

பெட்டியின் மேல் டிஸ்க், டிஸ்க்கின் மேல் ரூட்டர், எல்லாவற்றுக்கும் மேல் பூப்போட்ட துணி என்று அடுக்காதீர்கள். மூன்றும் சூடாகும் சாமான்கள். காற்றுத் துளைகளை மூடினால் ஹார்ட் டிஸ்க்தான் முதலில் போகும். திறந்தே விட்டால் பல்லி கதகதப்பு தேடி உள்ளே போகும் என்பதும் உண்மைதான். அலமாரியின் பின்பக்கம் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்தால் காற்றும் போகும், பல்லியும் போகாது. அடாப்டர் கெட்டால் வேறு எதையாவது செருகிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா மைனஸா என்பதும் பொருந்த வேண்டும்.

சித்திரை, வைகாசி மாலைகளில் வரும் கோடை இடிக்கும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் பவர் பிளக்கை மட்டும் எடுப்பது போதாது. மாடியில் நிற்கும் டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரும் மின்னல் அதிர்வை உள்ளே கொண்டுவரும். அது பெட்டியோடு நிற்காது, ஹெச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் போகும். வானம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்றிவிடுங்கள். இடி இடித்துக்கொண்டிருக்கும்போது ஒயரைத் தொடக் கூடாது. திரும்ப மாட்டும்போது முதலில் டிஷ் ஒயர், பிறகு மற்றக் கேபிள்கள், கடைசியில் பவர். பெட்டி எழுந்து நேரத்தையும் சேனல் பட்டியலையும் சிக்னலிலிருந்து வாங்கிக்கொள்ளச் சில நிமிடம் ஆகும். அதன்பிறகு மெனுவில் போய், நீங்கள் குறித்து வைத்த ரெக்கார்டிங்குகள் பட்டியலில் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில பெட்டிகள் கரன்ட் போனால் அவற்றை மறந்துவிடும், மறுபடி குறித்துவைக்க வேண்டியிருக்கும்.